குப்பைக்கு வந்த வாழ்வு

அண்டார்க்டிகாவில் இன்றைக்கு ஒரு பிஸ்கட் கவரைக் கீழே போட்டுப் பாருங்கள். சர்வதேச ஒப்பந்தம், சுற்றுச்சூழல் விதி என்று உலுக்கி எடுத்துவிடுவார்கள். அதே கவரை உங்கள் கொள்ளுத்தாத்தா 1958-க்கு முன்னால் போட்டிருந்தால்? கையை வைக்கக் கூடாது. அது வரலாற்றுச் சின்னமாக இருக்கலாம், விவரம் தெரிந்தவர்கள் பார்த்து முடிவு சொல்லும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகள் 2001-இல் கூடிப் பேசி வழிகாட்டுதலே போட்டன. குப்பைக்கும் ஜாதகம் உண்டு. பிறந்த வருஷம் சரியாக அமைந்தால் ராஜயோகம்தான்.

இந்த யோகம் அடித்த சொத்துகளில் தலையாயவை, ராஸ் கடலோரம் நிற்கும் சில மரக் குடிசைகள். தென்துருவத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பிப் போனவர்கள் 1899-க்கும் 1911-க்கும் இடையில் கட்டியவை. அந்தக் காலத்துக்கு வரலாற்றாசிரியர்கள் ‘வீர யுகம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வீரம்தான், சந்தேகமே இல்லை. கதவைத் திறந்து உள்ளே போனால் அசல் பேச்சிலர் ரூம்.

முதலில் ரூம் பிடித்தவர் கார்ஸ்டன் போர்க்கிரெவிங்க். நார்வேக்காரர், ஆஸ்திரேலியாவில் கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார். இவருக்குப் பணம் போட்டவர் சர் ஜார்ஜ் நியூன்ஸ். ‘டிட்-பிட்ஸ்’ என்ற துணுக்குப் பத்திரிகை நடத்திப் பணக்காரரான லண்டன் முதலாளி. கொடுத்தது 40,000 பவுண்டு. கண்டிஷன் ஒன்றே ஒன்றுதான்: பயணத்துக்கு ‘பிரிட்டிஷ்’ என்று பெயர் இருக்க வேண்டும், பிரிட்டிஷ் கொடி பறக்க வேண்டும். போனவர்களில் பெரும்பாலோர் நார்வேக்காரர்களாயிற்றே என்கிறீர்களா? ஸ்பான்சர் சொன்னால் பென்குயினும் பிரிட்டிஷ்தான்.

லண்டனில் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியின் தலைவர் சர் கிளமென்ட்ஸ் மார்க்கமுக்கு வயிறு எரிந்தது. அவரும் அண்டார்க்டிகாவுக்கு ஆள் அனுப்பத்தான் வருஷக்கணக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்தார். அறிவியலின் பெயரைச் சொல்லி அவர் கையேந்தியபோது விழாத காசு, யாரோ ஒரு வாத்தியாருக்குத் துணுக்குப் பத்திரிகையிலிருந்து கொட்டினால் பொறுக்குமா?

1899-இல் கேப் அடேரில் போர்க்கிரெவிங்க் இரண்டு குடிசைகளை நிறுத்தினார். அந்தக் கண்டத்தில் மனிதன் கட்டிய முதல் வீடுகள் அவைதான். சுற்றிலும் லட்சக்கணக்கான அடேலி பென்குயின்கள், உள்ளே பத்துப் பேர். பத்தே பேர்தானே, ஒற்றுமையாக இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. டாஸ்மேனியாவிலிருந்து வந்த இயற்பியலாளர் லூயி பெர்னாக்கி, தலைவரைத் தன் டைரியில் வறுத்தெடுத்திருக்கிறார். ஒருநாள் யாரோ மெழுகுவர்த்தியை அணைக்க மறந்ததில் தீப்பிடித்தது. இன்னொரு நாள் கரியடுப்புப் புகையில் மூச்சுமுட்டிச் சாகத் தெரிந்தார்கள். ஒரு முழுக் கண்டத்துக்கும் சேர்த்து இருந்ததே ஒரு ஜாகை. அதையும் கொளுத்தப் பார்த்தார்கள்.

அடுத்து வந்தவர் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட், கடற்படை ஆபீசர். மார்க்கமின் செல்லப்பிள்ளை. 1902-இல் ஹட் பாயிண்ட் என்ற இடத்தில் இவர் நிறுத்திய வீடு ஆஸ்திரேலியாவில் ஆர்டர் கொடுத்து வாங்கியது. ஆஸ்திரேலிய உள்நாட்டு வெயிலுக்கென்றே வகுத்த டிசைன். அதற்கேற்ப மூன்று பக்கமும் தாழ்வாரம்! துருவக் குளிரில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து யார் காற்று வாங்கப் போகிறார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை போலிருக்கிறது. வீடு நடுங்கவைத்த நடுக்கத்தில் எல்லோரும் கப்பலிலேயே படுத்துக்கொண்டார்கள்.

சும்மா விடுவானேன் என்று அந்த வீட்டை நாடகக் கொட்டகை ஆக்கினார்கள். பெயர் ‘ராயல் டெரர் தியேட்டர்’. 1902 ஜூனில், அதாவது அந்த ஊர் நடுக்குளிர்காலத்தில், சூரியனே எட்டிப்பார்க்காத இருட்டில் நாடகம் போட்டார்கள். நடித்தவர்களும் நம்மாட்கள், பார்த்தவர்களும் நம்மாட்கள். அடுத்த ஷோவுக்கு வேறு தியேட்டர் தேடிப் போக முடியாத ஆடியன்ஸ் உலகத்தில் எந்தக் கலைஞனுக்குக் கிடைக்கும்?

அந்தக் கூட்டத்தில் ஒருவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். உடம்பு சரியில்லை என்று ஸ்காட் 1903-இல் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே குத்தினால் வலிக்குமோ அங்கே குத்திய குத்து. ஊருக்குப் போன ஷாக்கிள்டன் சொந்தமாக ஒரு பயணத்தைத் தயார் செய்துவிட்டார். உடனே ஸ்காட்டிடமிருந்து கடிதம்: ஹட் பாயிண்ட் இருக்கும் மெக்மர்டோ பக்கம் வராதே, அது என் ஏரியா. பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல ஒரு கடற்பகுதியையே பிடித்துவைத்திருந்தார் மனுஷர். ஷாக்கிள்டனும் வரமாட்டேன் என்று எழுத்துமூலம் வாக்குக் கொடுத்தார். 1908-இல் வேறு இடத்தில் கரையேறப் பார்த்தார், பனி விடவில்லை. நேரே மெக்மர்டோவுக்குத்தான் வந்து சேர்ந்தார். குடிசை போட்ட இடம் கேப் ராய்ட்ஸ். அந்த முனைக்கு வைத்திருந்த பெயரே ஸ்காட்டின் ஆபீசர் ஒருவருடையது!

கேப் ராய்ட்ஸ் குடிசையில் பதினைந்து பேர். கூடவே மஞ்சூரியக் குதிரைகள், நாய்கள், ஒரு கார். ஆமாம், கார்தான். ஆரல்-ஜான்ஸ்டன் கம்பெனி வண்டி, அண்டார்க்டிகாவில் இறங்கிய முதல் மோட்டார் வாகனம். வழுவழுவென்ற கடற்பனியில் ஒழுங்காக ஓடியது. மெத்தென்ற பனிப்பொழிவில் இறக்கினால் சக்கரம் புதைந்து உட்கார்ந்துகொண்டது. அண்டார்க்டிகா என்பது பெரும்பாலும் இரண்டாவது வகை என்பதுதான் சிக்கல்.

குளிர்காலத்தில் பொழுது போக வேண்டுமே. புத்தகம் அச்சடித்தார்கள். ‘அரோரா ஆஸ்ட்ராலிஸ்’. அந்தக் கண்டத்தில் எழுதி, அச்சிட்டு, பைண்டு செய்த முதல் புத்தகம். மை உறைந்துவிடாமல் இருக்க அச்சு இயந்திரத்துக்கு அடியில் விளக்கை ஏற்றிவைத்து ஓட்டினார்கள். அட்டைக்கு எங்கே போவது? சாமான் வந்த பெட்டிகளை உடைத்துப் பலகையாக்கிக் கட்டிவிட்டார்கள். பெட்டியில் என்ன அச்சாகியிருந்ததோ அது அட்டையோடு ஒட்டிக்கொண்டது. இன்று அந்தப் புத்தகத்தைச் சேகரிக்கும் சீமான்கள் ‘வெண்ணெய்ப் பிரதி’, ‘ஐரிஷ் ஸ்டூ பிரதி’ என்று அடையாளம் சொல்கிறார்கள். எந்த எழுத்தாளனாவது தன் புத்தகத்தைச் சமையல்கட்டு வாசனையோடு வரலாற்றில் நிறுத்தியிருக்கிறானா?

ஷாக்கிள்டன் 1909 ஜனவரியில் துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் தூரம்வரை போய்விட்டுத் திரும்பினார். இன்னும் போனால் துருவம் கிடைக்கும், உயிர் கிடைக்காது என்று கணக்குப் போட்டார். செத்த சிங்கத்தைவிட உயிரோடு இருக்கும் கழுதை உனக்குத் தேவலைதானே என்று மனைவியிடம் சொன்னாராம். வீர யுகத்தில் ஒருவர் சொன்ன ஆகப் பெரிய வீர வசனம் அதுதான் என்பேன்.

1911 ஜனவரியில் ஸ்காட் இரண்டாம் முறை வந்து, தன் பழைய ஹட் பாயிண்ட் வீட்டை எட்டிப் பார்க்கிறார். உள்ளே கூரைக்குக் கிட்டத்தில் பனி! நடுவில் வந்து தங்கிய ஷாக்கிள்டன் ஆட்கள் ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்காட் டைரியில் பொங்கித் தள்ளிவிட்டார். நாகரிகம் தெரிந்தவர்கள் செய்கிற வேலையா இது என்கிற தொனி. பூமிப்பந்தின் கடைசி முனைக்குப் போயும் மனுஷனுக்கு மனுஷன் ஜன்னல் சண்டைதான்.

கேப் எவன்ஸில் ஸ்காட் புதிதாக ஒரு வீடு கட்டினார். ஐம்பது அடி நீளம், இருபத்தைந்து அடி அகலம், இருபத்தைந்து பேர். கடற்பாசியைச் சாக்குத் துணியில் வைத்துத் தைத்துச் சுவருக்குள் அடைத்திருந்தார்கள். நன்றாகக் கதகதப்பான வீடு. ஆனால் நடுவே இன்னொரு சுவரும் எழும்பியது. சாமான் பெட்டிகளை அடுக்கி, இந்தப் பக்கம் ஆபீசர்களும் விஞ்ஞானிகளும் பதினாறு பேர், அந்தப் பக்கம் மாலுமிகள் ஒன்பது பேர். வெளியே பல நூறு மைலுக்கு ஈ காக்காய் இல்லை. உள்ளே வகுப்பு வித்தியாசத்துக்கு மட்டும் இடம் ஒதுக்க மறக்கவில்லை.

ஆபீசர் பக்கம் ரொம்ப ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்ஸ், பவர்ஸ், செரி-கேரார்ட், மீயர்ஸ், அட்கின்சன் என்ற ஐவர் படுத்திருந்த மூலைக்குப் பெயர் ‘டெனமென்ட்ஸ்’. ஒண்டுக்குடித்தனம்! ஓட்ஸ் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நெப்போலியன் படத்தை மாட்டியிருந்தார். ரஷ்யப் பனியில் படையைத் தொலைத்த ஆளைப் பார்த்துக்கொண்டே பனிப் பயணத்துக்கு உத்வேகம் தேடிய மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இந்த ஓட்ஸ் குதிரைப்படைக்காரர். குதிரை என்றால் நுனி விரலில் வைத்திருப்பவர். அப்படியானால் குதிரை வாங்க ஸ்காட் யாரை அனுப்பியிருப்பார்? மீயர்ஸை. அவர் நாய் விஷயத்தில் கில்லாடி. ‘வெள்ளைக் குதிரையாகப் பார்த்து வாங்கு’ என்பது உத்தரவு. ஷாக்கிள்டனின் குதிரைகளில் கறுப்பெல்லாம் முதலில் செத்து, வெள்ளை கொஞ்ச நாள் கூடத் தாங்கியதாம். கலர் பார்த்து வாங்கிவந்த குதிரைகளை ஓட்ஸ் முதல்முறை பார்த்தபோது தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எல்லாம் கிழடு தட்டிய நோஞ்சான்கள்.

அடுத்த வருஷத்துக்கு உதவி நம் ஊரிலிருந்து போனது. இந்திய அரசாங்கம் அனுப்பிய, இமயமலைப் பக்கம் பழக்கப்பட்ட ஏழு கோவேறு கழுதைகள். லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப். இந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், முகலாய தர்பாரே பனியில் நடக்கும். தேயிலைச் சக்கை, கயிறு, புகையிலைச் சாம்பல் என்று கண்டதையும் மென்றன, தங்களுக்கென்று வைத்த தீவனத்தைத் தவிர. துருவத்துக்குப் போய்த் திரும்பி வராத ஸ்காட்டின் உடலை 1912 நவம்பரில் தேடிப்போன கூட்டத்துக்குச் சுமை இழுத்தவை இவைதான். இதற்குமேல் இதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை.

துருவத்தை முதலில் தொட்டவர் ரோல்ட் அமுண்ட்சென், 1911 டிசம்பர் 14-இல். அவருக்கும் ஒரு வீடு இருந்தது, பெயர் ‘ஃப்ராம்ஹைம்’. நார்வேயில் கட்டிப் பார்த்து, பிரித்து எடுத்துவந்து, கச்சிதமாக நிறுத்திய வீடு. எல்லாவற்றையும் திட்டமிட்ட மனிதர் அதை மிதக்கும் பனித்தட்டின்மேல் நிறுத்தினார். பின்னாளில் அந்தப் பகுதியே உடைந்து கடலோடு போய்விட்டது. ஆக, போட்டியில் ஜெயித்தவரின் வீடு போன இடம் தெரியவில்லை. தோற்றவர்களின் வீடுகளுக்குத்தான் இன்று கான்ட்ராக்டர் முதல் கன்சர்வேட்டர் வரை கவனிப்பு.

கேப் எவன்ஸ் வீட்டுக்கு இரண்டாவது குடித்தனமும் வந்தது. ஷாக்கிள்டன் 1914-இல் கண்டத்தைக் குறுக்கே கடக்கக் கிளம்பினாரே, அவருக்காக இந்தப் பக்கத்தில் வழியெங்கும் உணவு வைக்க 1915-இல் வந்த குழு. அவர்கள் வந்த கப்பலைப் புயல் அறுத்துக்கொண்டு போய்விட்டது. பத்துப் பேர் கரையில். ஸ்காட் ஆட்கள் விட்டுப்போன சாமானைக் கிளறிச் சாப்பிட்டார்கள், பழைய கூடாரத் துணியில் பேண்ட் தைத்தார்கள், மரத்தூளும் தேயிலையும் காபித்தூளும் கலந்து ‘ஹட் பாயிண்ட் மிக்ஸ்சர்’ என்று பெயரிட்டுப் புகைத்தார்கள். ஷாக்கிள்டனுக்கு வேண்டிய உணவை வைத்தும் முடித்தார்கள். ஆனால் அவர் வரவே இல்லை. அவருடைய கப்பல் கண்டத்தின் மறுபக்கத்தில் பனியில் நசுங்கி மூழ்கிவிட்டிருந்தது.

டிக் ரிச்சர்ட்ஸ் என்ற 22 வயதுப் பையன் 1916 ஆகஸ்டில் தன் படுக்கை ஓரப் பலகையில், ‘இதுவரை இழப்பு’ என்று எழுதி மூன்று தோழர்களின் பெயர்களைப் பென்சிலால் குறித்துவைத்தான். இன்றும் இருக்கிறது. ‘இதுவரை’ என்ற அந்தச் சொல்லில் உள்ள நிதானத்துக்கு முன்னால் எந்த வெண்கலச் சிலையும் நிற்காது.

1917-க்குப் பிறகு ஆளில்லை. பனி உள்ளே புகுந்து எல்லாவற்றையும் மூடியது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வந்துபோனவர்களில் சிலர் ஆளுக்கொரு ஞாபகச் சின்னத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பனிக்குள் புதைந்தது பிழைத்தது, மனுஷன் கைக்கு எட்டியது போயிற்று. ஸ்காட் சபித்த அதே பனிதான் கடைசியில் வாட்ச்மேன் வேலை பார்த்தது.

1960-61-இல் நியூசிலாந்துக்காரர்கள் கேப் எவன்ஸில் பனியை வெட்டி வெளியே எடுத்தார்கள். 1987-இல் அண்டார்க்டிக் ஹெரிடேஜ் டிரஸ்ட் பிறந்தது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி இந்தக் குடிசைகளுக்காக ஊர் ஊராகக் குரல் கொடுத்தார். அதன்பிறகு பழுதுபார்க்கும் நிபுணர்கள் கோடையில் குடிசையிலும், குளிர்காலத்தில் ஸ்காட் பேஸ் ஆய்வு நிலையத்திலும் உட்கார்ந்து, 18,000-க்கும் மேற்பட்ட பொருட்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார்கள். கடுகு டப்பா, கோகோ டின், கிழிந்த காலுறை எல்லாவற்றுக்கும் போட்டோ, நம்பர், துரு நீக்கம், உப்பு நீக்கம். பிறகு எடுத்த அலமாரியில் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். போட்ட ஆள் விட்டெறிந்துவிட்டுப் போனது ஒரு நொடியில். அதே அலங்கோலத்தில் திருப்பி வைக்க இவர்களுக்குப் பல மாதம்.

சுத்தம் செய்வதிலும் ஒரு தர்மசங்கடம். ஹட் பாயிண்ட் வீட்டில் சீல் கொழுப்பை எரித்த புகை சுவரெல்லாம் கரியாக அப்பியிருக்கிறது. வேறு எங்கேயாவது என்றால் முதலில் சுரண்டி எறிவார்கள். இங்கே அந்தக் கரிதான் பொக்கிஷம், விரல் பட்டுவிடக் கூடாது. போதாக்குறைக்கு மரத்தைத் தின்னும் பூஞ்சை வேறு. அந்தக் குளிரில் எது உயிர்வாழும் என்று நாம் இருக்க, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளான்செட் குழு ஆராய்ந்து, பலகைகளைப் பூஞ்சை நிதானமாக அரித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. வீர யுகத்தை நிஜமாகவே ஜெயித்த உயிரினம் அதுதான்.

2017-இல் கேப் அடேர் குடிசையிலிருந்து எடுத்துவந்த துருவேறிய ஒரு டின்னைத் திறந்தார்கள். உள்ளே ஹன்ட்லி அண்ட் பால்மர்ஸ் பழக் கேக். ஸ்காட்டின் வடக்குக் குழு 1911-இல் கொண்டுவந்தது. காகிதம் சுற்றியபடி, பார்க்க முழுசாக, கிட்டத்தட்ட சாப்பிடலாம் போன்ற தோற்றத்தில் இருந்தது. பக்கத்தில் முகர்ந்தால் மட்டும் கொஞ்சம் சிக்குப்பிடித்த வெண்ணெய் வாடை. டின்னின் துருவை எடுத்து, கிழிந்த காகிதத்தை ஒட்டவைத்து, கேக்கை மறுபடி உள்ளே வைத்துவிட்டார்கள். ஒரு விள்ளல்கூட யாரும் வாயில் போடவில்லையாம். நம்புவோம்.

அந்த வடக்குக் குழுவின் டாக்டர் மரே லெவிக் பென்குயின்களைக் கூர்ந்து கவனித்தவர். அவற்றின் படுக்கையறை விவகாரம் அவருக்கு அவ்வளவு அதிர்ச்சி. கண்ட கண்றாவியைக் கண்டவன் படித்துவிடக் கூடாதென்று குறிப்பேட்டில் கிரேக்க எழுத்தில் எழுதிவைத்தார். 1915-இல் ‘பிரசுரத்துக்கு அல்ல’ என்ற முத்திரையோடு நூறு பிரதி மட்டும் அச்சிட்டு, தெரிந்த வட்டத்துக்குள் சுற்றுக்கு விட்டார்கள். உலகம் படிக்க 2012 வரை ஆனது. பென்குயின்களின் மானத்தைக் காக்க ஒரு சாம்ராஜ்யம் பட்ட பாடு!

கேக்கைவிடப் பிரபலமானது விஸ்கி. கேப் ராய்ட்ஸ் குடிசைக்கு அடியில் 2006-இல் பனியில் உறைந்த பெட்டிகள் தட்டுப்பட்டன. ஷாக்கிள்டன் கொண்டுவந்த மெக்கின்லே விஸ்கி. 2010-இல் வெட்டியெடுத்து, ஒரு பெட்டியை நியூசிலாந்தின் கேன்டர்பரி மியூசியத்தில் வைத்து, அவசரப்படாமல் பனி உருக்கினார்கள். மூன்று பாட்டில்களை ஆராய்ச்சிக்காக ஸ்காட்லாந்துக்கு அனுப்ப வேண்டும். 2011-இல் அவை பறந்தது ஒரு தனி விமானத்தில். விமானத்தின் சொந்தக்காரர்? விஜய் மல்லையாவேதான்! மெக்கின்லே பிராண்டை வைத்திருந்த வைட் அண்ட் மெக்காய் கம்பெனி அப்போது அவர் கையில்.

தலைமை பிளெண்டர் ரிச்சர்ட் பேட்டர்சன், கார்க்கைத் திறக்காமல் ஊசி செருகி உறிஞ்சி எடுத்து, அதே ருசியில் புது விஸ்கி தயாரித்துவிட்டார். விற்ற காசில் ஒரு பங்கு ஹெரிடேஜ் டிரஸ்டுக்கு. குடித்த குடும்பம் உருப்படாது என்பார்கள், இங்கே குடித்ததில் ஒரு வீடு உருப்பட்டது. அசல் பாட்டில்கள் 2013-இல் அண்டார்க்டிகாவுக்கே திரும்பி வந்தன. மல்லையா 2016-இல் லண்டன் போனார். போன வேகத்தில் எல்லாரும் பாட்டில்களைப்போலத் திரும்பிவிடுவதில்லை.

இன்று இந்தக் குடிசைகளுக்குள் நுழைய பெர்மிட் வேண்டும். பூட்ஸைத் தேய்த்துத் துடைக்க வேண்டும், பீடி சிகரெட் கூடாது, எதையும் தொடக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு சிலருக்கு மேல் உள்ளே இருக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் பதினைந்து பேர், நாய், குதிரைச் சாணம், சீல் கொழுப்பு என்று புழங்கிய இடம் இது. இன்றைய விதியைப் போட்டிருந்தால் ஷாக்கிள்டனுக்கே வாசலோடு டாட்டாதான்.

பெர்மிட்டுக்கு அலைய முடியாதவர்களுக்கு 2012-லிருந்து கூகுள் ஸ்ட்ரீட் வியூ இருக்கிறது. ஸ்காட், ஷாக்கிள்டன் குடிசைகளுக்குள் செருப்பைக் கழற்றாமலே போனில் சுற்றி வரலாம். உலகம் தங்கள் கொடியைப் பார்க்க வேண்டும், துருவத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக உயிரையே பணயம் வைத்தவர்கள் இவர்கள். நாம் போய் கெட்சப் பாட்டிலையும் கட்டிலோரக் காலுறையையும் ஜூம் பண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொடியைப் பார்த்தால் மரியாதை வருகிறது, காலுறையைப் பார்த்தால்தான் மனுஷர்மேல் பிரியம் வருகிறது. என்ன செய்ய?